வாயால கேட்டது போதாதுங்க, எழுதிக் கேளுங்க

அமெரிக்கால இருக்கற ஒரு அம்மா கேட்டிருக்காங்க: பையன் செகண்ட் கிரேடு, பப்ளிக் ஸ்கூல், வாசிக்கவே திணறுறான், டீச்சர்கிட்ட ரெண்டு தடவ சொல்லியாச்சு, "வீட்ல தமிழ் பேசுறீங்கல்ல அதான், கொஞ்சம் பொறுங்க"ங்கறாங்க, ஸ்பெஷல் எஜுகேஷனுக்கு டெஸ்ட் பண்ணச் சொல்லி சட்டப்படி கேக்க முடியுமா?

தாராளமா கேக்கலாம்ங்க. ஆனா நின்னுட்டு பேசுனதுக்கு ரெக்கார்டு இல்ல, அதான் சிக்கல். இன்னிக்கே பிரின்சிபாலுக்கும் ஸ்கூல் டிஸ்ட்ரிக்டோட (அந்த ஏரியா பப்ளிக் ஸ்கூல்கள நடத்துற அமைப்பு) ஸ்பெஷல் எஜுகேஷன் ஆபீஸுக்கும் ஈமெயில் போடுங்க. ஐ.டி.இ.ஏ. (டிசெபிலிட்டி உள்ள குழந்தைங்களோட படிப்புக்கான அமெரிக்க சட்டம்) சட்டப்படி பையனுக்கு முழு எவாலுவேஷன் வேணும்னு ஒரு வரி, எதுல திணறுறான்னு நாலு வரி, அவ்ளோதான். அப்புறம் ஸ்கூலுக்கு ரெண்டே வழி, ஒண்ணு உங்க சம்மதம் கேட்டு ஃபார்ம் அனுப்பணும், இல்லாட்டி ஏன் முடியாதுன்னு காரணத்தோட எழுதித் தரணும், "பொறுத்துப் பாக்கலாம்"ங்கறது பதிலே கிடையாது.

நிறைய பேரு கோட்ட விடுற இடம் ஒண்ணு இருக்கு. டெஸ்ட முடிக்க ஸ்கூலுக்கு இருக்கற 60 நாள் கணக்கு ஈமெயில் போட்ட நாள்ல ஆரம்பிக்காது, நீங்க கையெழுத்து போட்ட ஃபார்ம் ஸ்கூல் கைக்குப் போன நாள்லதான் ஆரம்பிக்கும், சில ஸ்டேட்ல நாள் கணக்கே வேற. அதனால ஃபார்ம் வந்த அன்னிக்கே சைன் பண்ணி அனுப்புங்க, காப்பி வச்சுக்கங்க.

எனக்கு மனசு கஷ்டமா இருக்கறது அந்த தமிழ் விஷயம்தான். இங்கிலீஷ் பத்தாததுதான் முக்கிய காரணம்னா குழந்தைக்கு டிசெபிலிட்டின்னு முடிவு கட்டக்கூடாதுன்னு சட்டத்துல இருக்கறது நெஜம், ஆனா அது டெஸ்ட் பண்ணப்புறம் எடுக்கற முடிவு, டெஸ்டே பண்ணாம தள்ளிப்போட அத சாக்கா சொல்லக்கூடாது. அதுமட்டுமில்ல, முடிஞ்சவரைக்கும் குழந்தையோட சொந்த மொழிலயே டெஸ்ட் பண்ணணும்னும் அதே சட்டம் சொல்லுது. தமிழ்லயும் பட்டு, பாட்டுன்னு சத்தம் பிரிக்கத் தடுமாறுறானா, கதைய கோர்வையா சொல்ல வரலையா? அதையெல்லாம் ஈமெயில்ல எழுதுங்க, பிரச்சனை இங்கிலீஷ்ல மட்டும் இல்லன்னு காட்ட அது ரொம்ப உதவும். தயவுசெஞ்சு வீட்ல தமிழ நிறுத்திடாதீங்க.

ரிசல்ட்ல ஒத்துப்போகலன்னா டிஸ்ட்ரிக்ட் செலவுல வெளி ஆள வச்சு மறுபடி பண்ணச் சொல்லலாம், தர மறுத்தா தங்களோட டெஸ்ட் சரிதான்னு அவங்கதான் ஹியரிங் (விசாரணை) போட்டு நிரூபிக்கணும். ஸ்பெஷல் எஜுகேஷனுக்குத் தகுதி இல்லன்னு சொல்லிட்டாகூட, டிசெபிலிட்டிய வச்சு பாகுபாடு காட்டக்கூடாதுங்கற 1973 ரீஹாபிலிடேஷன் சட்டத்தோட செக்‌ஷன் 504 இருக்கு, அதுல எக்ஸ்ட்ரா டைம் மாதிரி வசதி கேக்கலாம். தகுதின்னு வந்துட்டா 30 நாளுக்குள்ள ஐ.இ.பி. (பையனுக்குன்னே எழுதற தனி படிப்புத் திட்டம்) மீட்டிங் வைக்கணும். அங்க தமிழ் இன்டர்பிரெட்டர் தேவைப்பட்டா ஸ்கூல்தான் காசு வாங்காம ஏற்பாடு பண்ணணும், கடைசி நேரத்துல ஆள் கிடைக்கலன்னு சொல்லாம இருக்க இப்பவே அதே ஈமெயில்ல கேட்டு வச்சிடுங்க.