பழைய கான்டெஸாவின் ஏசி கம்ப்ரசரைப் பழுதுபார்ப்பதா, மாற்றுவதா?

புதுச்சேரியில் 1990ஆம் ஆண்டு கான்டெஸா கார் வைத்திருக்கும் நீங்கள், ஏசி வாயுவை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசர் நின்றுபோனதால் அதை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் அதன் எண்ணெயைக் கொஞ்சம் வடித்து விரலில் தேய்த்துப் பாருங்கள். தெளிவாக இருந்தால் பெரும்பாலும் தண்டு சீலும் (சுழல்தண்டில் கசிவைத் தடுக்கும் வளையம்) கிளட்ச் பேரிங்கும் மாற்றினால் போதும். கறுப்பாகி, வெள்ளிப்பொடி போல மினுமினுத்தால் உள்ளே உலோகம் தேய்ந்திருக்கிறது. அதைப் பழுதுபார்க்க ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள்; மாற்றிவிடுங்கள்.

உங்கள் வண்டியின் ஏசி ஆர்-12 என்ற குளிரூட்டும் வாயுவுக்காகச் செய்யப்பட்டது. ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் ஏற்பட்ட மான்ட்ரியல் உடன்படிக்கையால் அது வழக்கொழிந்தது. இனி அதற்குப் பதிலான ஆர்-134ஏ வாயுதான். பலர் சறுக்குவது இங்கேதான்: பழைய கனிம எண்ணெய் இந்த வாயுவோடு கலக்காது. எண்ணெய் திரும்பி வராமல் கம்ப்ரசர் காய்ந்து இறுகிவிடும். நல்ல கம்ப்ரசர்கள் இப்படிப் பாழாவதைப் பார்க்க மனம் பொறுப்பதில்லை. குழாய்களை நன்றாகக் கழுவி, எஸ்டர் எண்ணெய் ஊற்றி, ஓ-ரிங்குகளையும் (இணைப்புகளில் உள்ள ரப்பர் வளையங்கள்) ஈரத்தை உறிஞ்சும் டிரையரையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். புதிய வாயு, முன்பு நிரப்பிய ஆர்-12இன் எடையில் 80 முதல் 85 சதவீதம் போதும்.

வண்டி கடற்கரைப் பக்கம் நிற்கிறதா? வாயுவின் வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சரின் அலுமினியத் தகடுகளை நகத்தால் தொட்டுப் பாருங்கள். உப்புக் காற்றில் வெள்ளை பூத்து உதிர்ந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.