வலைக்குள் தூங்கியும் டெங்கு வந்தது எப்படி?

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. சாயங்காலம் விளக்கு வைத்ததும் ஜன்னலைச் சாத்திவிடுவேன். இரவில் கொசுவத்தி, கொசுவலை இரண்டும் உண்டு. அப்படியும் மூன்று நாளாகக் காய்ச்சல், நேற்று டெங்கு என்று சொல்லிவிட்டார்கள். வலையில் ஒரு ஓட்டைகூட இல்லை. எங்கே கோட்டைவிட்டேன்?

பதில்: வலையைக் குறை சொல்லாதீர்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கிற ரகம். சூரியன் உதித்த பின் இரண்டு மணி நேரம், மறைவதற்கு முன் சில மணி நேரம், இவைதான் அதற்குச் சாப்பாட்டு வேளை. அதாவது உங்கள் மகன் பள்ளிக்குக் கிளம்பும் நேரமும், திரும்பி வந்து விளையாடும் நேரமும். நீங்கள் ஜன்னலைச் சாத்தும்போது அது பெரும்பாலும் வயிறு நிறைந்து, கட்டிலடியிலோ துணிகளுக்குப் பின்னாலோ ஒளிந்திருக்கும். (இரவு விளக்கு எரிந்தால் அப்போதும் கடிக்கும்.)

வெளிச்சத்தைப் பார்த்து மட்டும் அது நேரம் அறிவதில்லை. முழு இருட்டில் அடைத்து வைத்தாலும் அதன் சுறுசுறுப்பு அதே வேளைகளில் ஏறி இறங்கும். உடலுக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது. இப்படிப்பட்ட கடிகாரத்தின் மரபணுக்களைப் பழ ஈக்களில் ஆராய்ந்த மூன்று அமெரிக்கர்களுக்கு 2017-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

நள்ளிரவில் காதருகே ரீங்காரமிடுவது பெரும்பாலும் சாக்கடைக் கொசுவான க்யூலெக்ஸ். யானைக்கால் நோயைப் பரப்புவது அதுதான். அந்த நோயின் நுண்புழுக்களும் கொசு வரும் நேரம் பார்த்து, இரவில்தான் நம் ரத்தத்தில் அதிகமாக நடமாடும். 1870-களில் சீனாவின் அமோய் நகரில் பணியாற்றிய பேட்ரிக் மேன்சன் என்ற மருத்துவர் இதைக் கவனித்தார். சுகாதாரப் பணியாளர்கள் ராத்திரி பத்து மணிக்குமேல் வந்து விரலில் ரத்தம் எடுப்பது அதனால்தான், நம்மைத் தொந்தரவு செய்வதற்காக அல்ல!

சரி, இனி செய்ய வேண்டியது. பள்ளிக்குப் போகும்போது முழுக்கை, முழுக்கால் உடை. வாரம் ஒருமுறை டிரம், பூந்தொட்டித் தட்டு, ஃபிரிட்ஜின் பின்தட்டு எல்லாவற்றையும் கொட்டி, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். ஏடிஸ் கொசுவின் முட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் பல மாதம் உயிரோடிருக்கும்.

காய்ச்சலுக்கு டாக்டர் சொன்ன அளவில் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் வேண்டவே வேண்டாம். காய்ச்சல் விடும் சமயத்தில்தான் அதிகக் கவனம் தேவை: வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறில் ரத்தம், மிகுந்த சோர்வு, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனை.

அப்புறம், இந்த ஒரு வாரம் மகனைப் பகலிலும் வலைக்குள் படுக்க வையுங்கள். அவனைக் கடித்த கொசு, பிறகு வீட்டிலுள்ள மற்றவர்களையும் கடிக்கும்.