பூஞ்சை உடம்புக்குள் எப்படி இடம் பிடிக்கிறது?

கேள்வி: காற்றில் எப்போதும் பூஞ்சை வித்துகள் மிதக்கின்றன என்கிறார்கள். அப்படியானால் எல்லோருக்கும் ஏன் நோய் வருவதில்லை?

பதில்: முதல் தடை நம் உடம்புச் சூடுதான். பெரும்பாலான பூஞ்சைகளுக்கு 37 டிகிரி செல்சியஸ் ஒத்துவராது. தாங்குகிறவை கொஞ்சம்தான், அதில் ஒன்று அஸ்பெர்ஜில்லஸ் ஃபுமிகேட்டஸ். இதன் வித்து 2 முதல் 3 மைக்ரான் அளவே என்பதால் மூக்கு, மூச்சுக்குழாய் எல்லாம் தாண்டி நுரையீரலின் காற்றறை வரை போய்விடும். நீங்களும் நானும் தினமும் இழுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். அங்கே பாதுகாப்பு அணுக்களான விழுங்கணுக்கள் அதைத் தின்றுவிடுகின்றன, தப்பி முளைப்பதை நியூட்ரோஃபில்கள் என்ற ஒருவகை வெள்ளையணுக்கள் கவனித்துக்கொள்ளும். புற்றுநோய்ச் சிகிச்சையால் இந்த நியூட்ரோஃபில்கள் வெகுவாகக் குறைந்துபோனவர்களிடம்தான் வித்து முளைத்து, இழைவிட்டு, ரத்தக்குழாய்ச் சுவரையே துளைக்கப் பார்க்கிறது.

கேண்டிடா அல்பிகன்ஸ் என்ற பூஞ்சை வெளியிலிருந்து வரவே வேண்டாம். பலருடைய வாயிலும் குடலிலும் ஏற்கெனவே சாதுவாக இருக்கிறது. ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டுக் கூட இருந்த பாக்டீரியாக்கள் காலியானால், இடம் கிடைத்த குஷியில் பெருகும், அப்புறம் உருண்டை வடிவத்தை விட்டு நீளமான இழையாக மாறி, ஒட்டும் புரதங்களால் நம் செல்லைப் பிடித்துக்கொண்டு, கேண்டிடாலைசின் என்ற நச்சைச் சுரந்து அதன் சவ்வில் ஓட்டை போடும். இந்த நச்சைப் பற்றித் தெரியவந்ததே 2016இல்தான்!

ஆனால் கில்லாடி என்றால் கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சைதான். தடித்த உறையைப் போர்த்திக்கொண்டு, தன்னை விழுங்கிய அணுவுக்குள்ளேயே உயிரோடு இருந்து, சிலசமயம் அதிலேயே சவாரி செய்து மூளை வரை போகும். எச்.ஐ.வி. முற்றியவர்களுக்குத் தலைவலி விடாமல் இருந்தால் டாக்டர்கள் இதற்கான பரிசோதனை எழுதுவது அதனால்தான்.