அப்பாவின் உணவுக்குழாயில் கட்டி, ஆனால் பயாப்ஸி நார்மல். ஊசி குத்தி செல் எடுத்துப் பார்த்தால் என்ன கட்டி என்று தெரிந்துவிடுமா?

பெரும்பாலும் தெரிந்துவிடும். ஊசியில் போதுமான செல் வர வேண்டும், வந்ததை வீணாக்காமல் வைத்திருக்க வேண்டும். பேத்தாலஜி லேபில் இருப்பவன் என்பதால் இரண்டாவதை அழுத்திச் சொல்கிறேன்.

முதலில் அந்த 'நார்மல்'. எண்டோஸ்கோப்பியில் கிள்ளி எடுப்பது மேலாக இருக்கும் உள்சவ்வைத்தான். அபூர்வமான கட்டிகளில் பல அதற்கு அடியில், தசை அடுக்கில் வளர்கின்றன. அங்கே எட்டாத பயாப்ஸி நார்மல் என்றுதான் வரும். அதனால்தான் முனையில் அல்ட்ராசவுண்ட் பொருத்திய எண்டோஸ்கோப்பை இறக்கி, கட்டியைத் திரையில் பார்த்துக்கொண்டே 22 அல்லது 25 கேஜ் அளவுள்ள மெல்லிய ஊசியை விடுகிறார்கள்.

ஸ்லைடில் இரு முனையும் கூம்பிய நீளமான செல்கள் தெரிந்தால் லியோமயோமாவா (தசைக் கட்டி), ஜிஸ்ட்டா (குடல் சுவரின் இணைப்புத் திசுவில் வரும் கட்டி), ஷ்வானோமாவா (நரம்பு உறையில் வரும் கட்டி) என்ற கேள்வி வரும். சாதாரணச் சாயத்தில் மூன்றும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். பிரித்துக் காட்டுவது இம்யூனோ சாயங்கள், அதாவது ஒவ்வொன்றும் செல்லில் உள்ள ஒரு குறிப்பிட்ட புரதத்தை மட்டும் காட்டும் சாயங்கள்: லியோமயோமா டெஸ்மினில் நிறமேறும், ஜிஸ்ட் சி.டி.117, டி.ஓ.ஜி.1 இரண்டிலும், ஷ்வானோமா எஸ்100-இல். இதிலும் ஒரு பொறி உண்டு. லியோமயோமாவுக்குள் கலந்து கிடக்கும் மாஸ்ட் செல்களும் (ஒரு வகை நோய் எதிர்ப்புச் செல்கள்) சி.டி.117-இல் நிறமேறும். அவசரப்பட்டால் ஜிஸ்ட் என்று எழுதிவிடலாம். இரைப்பையில் ஜிஸ்ட் சகஜம், உணவுக்குழாயிலோ லியோமயோமாதான் அதிகம் என்பது எங்கள் மனதில் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

பெயர் ஏன் இவ்வளவு முக்கியம்? லியோமயோமா சாதுவான கட்டி. தொந்தரவு இல்லையென்றால் கண்காணிப்போடு விடலாம், இருந்தால் கட்டியை மட்டும் உரித்தெடுக்கலாம். ஜிஸ்ட் பரவக்கூடியது. அதற்கு அறுவை சிகிச்சையே வேறு விதம், சிலருக்கு இமாட்டினிப் என்ற புற்றுநோய் மாத்திரையும் தேவைப்படும்.

இந்தச் சாயங்களைப் போட ஸ்லைடு மட்டும் போதாது. ஊசியில் வந்ததில் ஒரு பங்கை 'செல் பிளாக்' ஆக மெழுகில் பதித்து வைத்தால்தான் அடுத்தடுத்து வெட்டிப் பார்க்க முடியும். "செல் பிளாக் எடுப்பீர்களா, எடுக்கும்போதே செல் போதுமா என்று பார்க்க ஆள் இருப்பாரா?" என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள். லியோமயோமா கெட்டியான கட்டி, செல்லை எளிதில் விடாது. 'போதுமான செல் இல்லை' என்று ரிப்போர்ட் வந்தால் அதைக் 'கட்டி இல்லை' என்று படித்துவிடாதீர்கள். திசுத் துண்டாகவே எடுக்கும் ஊசியும் உண்டு, அதில் மறுபடி முயலலாமா என்று கேளுங்கள்.