தனியார் கல்லூரிகளின் கட்டணத்தை யார் முடிவு செய்கிறார்கள்?

தமிழ்நாட்டின் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு இதை முடிவு செய்வது கட்டண நிர்ணயக் குழு. இதற்கு ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைவராக இருப்பார். இப்படி மாநிலந்தோறும் குழு அமைக்கச் சொன்னது 2003-இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு.

கல்லூரிகள் வரவு செலவுக் கணக்கைக் கொடுக்க வேண்டும். ஆசிரியர் சம்பளம், ஆய்வகம், கட்டடப் பராமரிப்பு, அப்புறம் வளர்ச்சிக்குக் கொஞ்சம் உபரி, இவற்றைப் பார்த்துக் குழு தொகையை நிர்ணயிக்கும். அடுக்குமாடிக் குடியிருப்பில் பராமரிப்புப் பணம் பிரிப்பது போலத்தான். வாட்ச்மேன் சம்பளம், லிஃப்ட் பழுது, நாளைய பெயின்ட் செலவு எல்லாம் சேரும். சங்கம் அதில் லாபம் பார்க்கக் கூடாது. கல்லூரியும் அப்படித்தான்; கல்வி வியாபாரமாகக் கூடாது என்பதே காரணம். பெற்றோர் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பலர் குழு நிர்ணயிக்கும் தொகையைக் குறைந்தபட்சக் கட்டணம் என்று நினைக்கிறார்கள்; இது உச்சவரம்பு, இதற்கு மேல் கேட்டால் அது நன்கொடை வசூல், சட்டப்படி குற்றம்.