பெரிய மேக்னத்துக்கு மாற்றலாமா? வேட்டை ரைஃபிளின் தோட்டா அறை பற்றிய கேள்வி பதில்

வேட்டை ரைஃபிளின் தோட்டா அறையை, அதாவது சுடும்போது தோட்டா உட்காரும் குழலின் பின்பகுதியை, குடைந்து பெரிய மேக்னம் தோட்டாவுக்கு (கூடுதல் வெடிமருந்து கொண்ட வகை) மாற்றுவது பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். பல ஆண்டுகள் லேத்தில் நின்று இந்த வேலையைச் செய்தவன் நான். பட்டறைக்கு வருகிறவர்களிடம் முதலில் சொல்வதையே இங்கும் சொல்கிறேன்: அறையைக் குடைவது இந்த வேலையில் மிகச் சிறிய பகுதி. மீதி ரைஃபிள் அதற்குச் சம்மதிக்கிறதா என்பதுதான் கேள்வி.

கேள்வி: என்னிடம் .30-06 ஸ்பிரிங்ஃபீல்ட் ரைஃபிள் இருக்கிறது. .300 வின்செஸ்டர் மேக்னத்துக்கும் அதே விட்டமுள்ள குண்டுதானே? அறையை மட்டும் பெரிதாக்கினால் போதாதா?

குழலைப் பொறுத்தவரை போதும். அதற்குப் பின்னால் இருக்கும் எதற்கும் போதாது. .30-06 தோட்டாவின் பித்தளை உறையின் அடி விளிம்பு 12 மி.மீ.; மேக்னத்துக்கு 13.5 மி.மீ. ஆகவே அறையைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டின் முகப்பை லேத்தில் அகலப்படுத்த வேண்டும், சுட்ட உறையை இழுத்தெடுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டரை அதற்கேற்பச் சீர்செய்ய வேண்டும். தோட்டாவை மேகசினிலிருந்து (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) மேலே வழிநடத்தும் விளிம்புகளையும் தேய்த்துத் திருத்த வேண்டும். இதில் கொஞ்சம் அதிகமாகத் தேய்த்துவிட்டால் தோட்டா மேகசினிலிருந்து துள்ளி வெளியே வரும். தேய்த்த உலோகத்தைத் திரும்ப வைக்க முடியாது.

நான் அதிகம் கவலைப்படுவது பின்தள்ளும் விசையைப் பற்றி. உறையின் அடிப்பகுதி விட்டம் ஏறக்குறைய 12 மி.மீ.யிலிருந்து 13 மி.மீ. ஆகிறது. ஒரு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் பரப்பளவு 19 சதவீதம் கூடுகிறது. அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தமும் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டிலிருந்து 64,000 ஆகிறது. இரண்டையும் பெருக்கினால் போல்ட்டின் மீது விழும் விசை கால் பங்குக்கு மேல் உயரும். உறை அறைச்சுவரைப் பற்றிக்கொள்வதால் அதில் ஒரு பகுதி குறையும். எண்ணெய் படிந்த அறையில் அந்த உதவியும் கிடைக்காது. மிச்சத்தைத் தாங்குபவை போல்ட்டின் முனையில் அதைப் பூட்டி நிறுத்தும் புடைப்புகளான லக்குகள். அவற்றுக்குப் பின்னால் இருப்பது உங்கள் முகம்.

கேள்வி: அப்படியானால் எந்த மாற்றங்கள் எளிது?

போல்ட் முகப்பைத் தொடத் தேவையில்லாதவை. .300 வின்செஸ்டரிலிருந்து .300 வெதர்பி, 7 மி.மீ. ரெமிங்டனிலிருந்து 7 மி.மீ. எஸ்.டி.டபிள்யூ., .338 வின்செஸ்டரிலிருந்து .340 வெதர்பி, .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்டிலிருந்து .375 வெதர்பி. இவை எல்லாமே 1912இல் வந்த அந்த .375 ஹாலண்ட் உறையின் வம்சம். அடிப்பகுதி ஒன்றே.

அறையைக் குடையும் கருவியான ரீமர் உலோகத்தை எடுக்கத்தான் செய்யும், சேர்க்காது. புதிய அறை பழைய அறையை எல்லா இடத்திலும் விழுங்கிவிட வேண்டும். எங்காவது பழைய அறையின் சுவடு எஞ்சினால், சுட்ட உறையில் அது வரம்பாகப் பதியும். நீளத்தையும் பாருங்கள். .300 வின்செஸ்டர் தோட்டாவின் முழு நீளம் சுமார் 85 மி.மீ., .300 வெதர்பிக்கு 90.5 மி.மீ. அறையை அழகாகக் குடைந்து முடித்தபின் தோட்டா மேகசினுக்குள் இறங்கவில்லை என்று ரைஃபிளைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். முதலில் அளக்க வேண்டியது மேகசினைத்தான்.

கேள்வி: வெதர்பிக்கு மாற்றியபின் மிச்சமிருக்கும் .300 வின்செஸ்டர் தோட்டாக்களைச் சுட்டுத் தீர்க்கலாமா?

கூடாது. அந்தத் தோட்டா, உறையின் அடியைச் சுற்றியுள்ள தடித்த வளையமான அடிப்பட்டையில் நின்று வெடித்துவிடும் என்பதே இதில் உள்ள ஆபத்து. உறை குறுகும் தோளுக்கும் குண்டைப் பிடிக்கும் கழுத்துக்கும் ஆதாரம் இருக்காது. பித்தளை கிழிந்து வாயு பின்னால் வரலாம். .375 வெதர்பி அறையில் .375 ஹாலண்ட் தோட்டாவைச் சுடுவது வேறு விஷயம். அந்த உறை விரிந்து புதிய வடிவத்தை ஏற்கும். உங்களுடையது அப்படியல்ல. குழலின் மீது பழைய பெயரை அடித்துப் புதிய பெயரைப் பொறிக்காத ரைஃபிளை என் பட்டறையிலிருந்து நான் வெளியே அனுப்புவதில்லை. நாளை அது யார் கைக்குப் போகும் என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

கேள்வி: தாத்தாவின் மௌசர் 98 என்னிடம் வந்திருக்கிறது. அதை .300 ஹாலண்ட் நீளத்துக்கு மாற்ற நினைக்கிறேன். நண்பரிடம் பழைய அமெரிக்க ராணுவ ரைஃபிளான 1903 ஸ்பிரிங்ஃபீல்டும் இருக்கிறது.

பழைய ஜெர்மன் ராணுவ ரைஃபிளான மௌசர் 98 பலமான அமைப்பு, மறுப்பில்லை. ஆனால் சாதாரண 98இன் மேகசின் 8x57 தோட்டாவுக்காக, சுமார் 82 மி.மீ. நீளத்துக்காகச் செய்யப்பட்டது. 91 மி.மீ. தோட்டாவுக்கு இடம் பண்ண, தோட்டா ஏறிவரும் சரிவை முன்னோக்கி வெட்டுவார்கள். அந்தச் சரிவுக்கு முன்னால்தான் கீழ் லக் உட்காரும் தோள் இருக்கிறது. விசையைக் கூட்டிவிட்டு, அதைத் தாங்கும் இடத்தைக் குறைக்கிறோம். மேலும் பழைய 98களில் மேல்தோல் மட்டுமே கடினம், உள்ளே மென்மையான எஃகு. காலப்போக்கில் லக் அந்தத் தோளில் பள்ளம் பதிக்கும். சுட்டபின் போல்ட் கைப்பிடி கனமாக எழும்புவது அதன் முதல் அடையாளம். தாத்தாவின் ரைஃபிளை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

1903ஐப் பொறுத்தவரை வரிசை எண்ணைப் பாருங்கள். ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுதசாலையில் செய்தது 800,000க்குக் கீழ், ராக் ஐலண்டில் செய்தது 285,507க்குக் கீழ் என்றால் மேக்னம் என்ற பேச்சே வேண்டாம். எஃகின் சூட்டைத் தொழிலாளர்கள் கண்ணால் நிறம் பார்த்து மதிப்பிட்ட காலம் அது. வெயில் நாளில் ஒரு நிறம், மேகமூட்ட நாளில் வேறு நிறம். அளவுக்கு மீறிச் சூடாக்கிய எஃகு கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மை அடைந்தது.

கேள்வி: ரீமர் வாங்கி நானே செய்யலாமா?

லேத்தும் அறையின் ஆழத்தைச் சோதிக்கும் கேஜ்களும் அனுபவமும் இல்லாமல் வேண்டாம். ரீமர் ஒவ்வொரு முறையும் ஒரு மில்லிமீட்டர் அளவு இறங்கியதும் வெளியே எடுத்து, பள்ளங்களில் அடைந்திருக்கும் உலோகச் சீவல்களைத் துடைத்து, எண்ணெய் இட்டு மீண்டும் விட வேண்டும். ஒரே ஒரு சீவல் வெட்டு விளிம்புக்கும் சுவருக்கும் நடுவில் சிக்கினால் அறையைச் சுற்றி வளையமாகக் கீறிவிடும். அந்தக் கீறலில் பித்தளை ஒட்டிக்கொள்ளும், உறை வெளியே வராது. கடைசி சில நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர்களைக் கையாலேயே திருப்பி எடுக்கிறேன். போல்ட்டிலிருந்து சுடும் ஊசியையும் உறையை வெளியே தள்ளும் எஜெக்டரையும் கழற்றிவிட்டு, குறைந்தபட்ச அளவான ‘கோ’ கேஜில் அது விரல் நுனி பட்டதும் மூடவேண்டும். மிஞ்சக்கூடாத அளவான ‘நோ-கோ’ கேஜில் மூடவே கூடாது. உள்பக்கம் குரோம் பூசிய குழலாக இருந்தால் அந்தப் பூச்சு ரீமரின் விளிம்பைத் தின்றுவிடும்.

கேள்வி: ஏற்கெனவே மாற்றப்பட்ட ரைஃபிளை வாங்கினேன். சரியாகச் செய்திருக்கிறார்களா என்று எப்படி அறிவது?

சுடுவதற்கு முன் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே சுட்டிருந்தால் உறையை வெளிச்சத்தில் திருப்புங்கள். அடிப்பட்டைக்குச் சற்று மேலே பளபளப்பான வளையம் தெரிகிறதா? மெல்லிய கம்பியின் நுனியை வளைத்து உள்ளே விட்டு, சுவரை வருடி மேலே இழுங்கள். அதே உயரத்தில் நுனி ஒரு பள்ளத்தில் தட்டினால் பித்தளை அங்கே நீண்டு மெலிந்துவிட்டது. அந்த உறையில் மீண்டும் மருந்து நிரப்பாதீர்கள். ரைஃபிளையும் சோதிக்கும்வரை ஓரமாக வையுங்கள்.

கேள்வி: உரிமம், சோதனை ஏதாவது தேவையா?

தோட்டாவின் பெயர் மாறினால் உரிமத்தில் எழுதியிருப்பதும் மாற வேண்டியிருக்கலாம். முதலில் அதைக் கேளுங்கள். பிரிட்டனில் லண்டன், பர்மிங்ஹாம் சோதனை நிலையங்களில் ஒன்று மீண்டும் சுட்டுப் பார்த்து முத்திரையிட வேண்டும்.

கேள்வி: 22 அங்குலக் குழல் கொண்ட என் .30-06ஐ மாற்றினால் பலன் இருக்குமா?

நீளமான குழலில் 180 கிரெயின் (சுமார் 11.7 கிராம்) குண்டு .30-06இல் நொடிக்குச் சுமார் 820 மீட்டர், .300 வின்செஸ்டரில் சுமார் 900 மீட்டர். அந்த 80 மீட்டரைத் தருவது கூடுதல் மருந்து. அது எரிய 24, 26 அங்குலம் வேண்டும். 22 அங்குலத்தில் அதில் ஒரு பகுதி வாய்முனையில் தீயாகவும் சத்தமாகவும் போய்விடும். தோளில் இடி மட்டும் முழுதாக வரும். 200 மீட்டருக்குள் சுடுகிறவர் என்றால் நான் மாற்றித் தரமாட்டேன்.

கட்டாயம் ஏதாவது கூட வேண்டும் என்றால் .30-06 அறையையே சற்று அகலப்படுத்தும் .30-06 ஆக்லி இம்ப்ரூவ்ட் பாருங்கள். 40 பாகைத் தோள், போல்ட் முகப்பு அதேதான், கடைத் தோட்டாவையும் சுடலாம். ஒரு நிபந்தனை: குழலை ஒரு மரை பின்னுக்கு வாங்கி, போல்ட் முகப்புக்கும் அறையில் தோட்டா முட்டி நிற்கும் இடத்துக்கும் உள்ள தூரமான ஹெட்ஸ்பேஸை வழக்கத்தைவிட 0.1 மி.மீ. குறைத்து வைக்க வேண்டும். அப்போதுதான் கடைத் தோட்டாவின் கழுத்தடி அறையில் இறுக்கமாக உட்காரும். குழலைக் கழற்றாமல் ரீமரை மட்டும் விட்டுத் தருகிறேன் என்று சொல்பவரிடம் கொடுக்காதீர்கள்.