கைதட்டலை எண்ணாதீர்கள்

கேள்வி: போன இதழில் கிடார் கலைஞர் கேரி மூரின் 'லைவ் அட் தி மார்க்கீ' ஆல்பத்தைக் கேட்டே ஆக வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். கேட்டேன். ஏதோ கொஞ்சம் பேர் கைதட்டுகிறார்கள். சத்தம் அமுங்கிக் கேட்கிறது. பாடகர் குரல் கிடாருக்கு அடியில் மாட்டிக்கொண்டு திணறுகிறது. ஸ்டேடியத்தில் பதிவான லைவ் ஆல்பங்களின் பிரம்மாண்டம் இதில் எங்கே? போதாக்குறைக்கு, மூர் வேறு கம்பெனிக்குப் போன பிறகு பழைய கம்பெனி காசு பார்க்க வெளியிட்ட மிச்சச் சரக்கு இது. இதையெல்லாமா பரிந்துரைப்பீர்கள்?

பதில்: கடைசிக் குற்றச்சாட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன். அதுதான் சுலபம்.

மிச்சச் சரக்குதான், மறுக்கவில்லை. 1979 ஜூலையில், அமெரிக்கச் சுற்றுப்பயணம் பாதியில் இருக்கும்போதே, தின் லிஸ்ஸி என்ற ராக் குழுவை விட்டு வெளியேறினார் மூர். அடுத்து ஜி-ஃபோர்ஸ் என்று ஒரு குழு. 1980இல் ஒரே ஒரு ஆல்பம், அத்தோடு சரி. அதே வருஷம் நவம்பரில் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு லண்டன் மார்க்கீ கிளப்பில் வாசித்தார். ஒலிப்பதிவு நடந்தது, ஆல்பம் வரவில்லை. 1982இல் வர்ஜின் கம்பெனிக்குப் போய் 'காரிடார்ஸ் ஆஃப் பவர்' கொடுத்தார், பெயர் ஏறியது. மறு வருஷமே பழைய கம்பெனியான ஜெட் ரெக்கார்ட்ஸுக்குத் தன்னிடம் ஒரு டேப் இருப்பது ஞாபகம் வந்துவிட்டது. மார்க்கீக்குப் பிறகு ஸ்டூடியோவில் பதிவான 'டர்ட்டி ஃபிங்கர்ஸ்' ஆல்பத்துக்கும் ஏறக்குறைய இதே தலையெழுத்துதான்.

இதில் உங்களுக்கு என்ன நஷ்டம்? டேப்பை வெளியே விட்டவருடைய நோக்கம் 1983இல் தீர்ந்துபோன சமாச்சாரம். மூர் கம்பியில் கை வைத்தது 1980இல். கம்பெனிக்குக் காசாசை வராமல் போயிருந்தால், அந்த இரண்டு வருட இடைவெளியில் இந்த மனிதர் மேடையில் எப்படி வாசித்தார் என்பதற்கு நம் கையில் இவ்வளவு நல்ல சாட்சி இருந்திருக்காது.

மேடையில் கூட நின்றவர்களையும் பாருங்கள். கீபோர்டில் டான் ஏரி. மூரோடு கொலோசியம் டூ குழுவில் இருந்தவர், அப்போது ரெயின்போ குழுவில் வாசித்துக்கொண்டிருந்தார், இப்போது டீப் பர்ப்பிள் குழுவில் இருக்கிறார். ட்ரம்ஸில் டாமி ஆல்ட்ரிட்ஜ். அடுத்த வருஷமே பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் இவரை அழைத்துக்கொண்டார். பேஸ் கிடார் ஆண்டி பைல், பாட்டு கென்னி டிரிஸ்கால். அவசரத்துக்குக் கூடிய கூட்டம் என்பீர்கள். அந்த அவசரம்தான் ஆல்பம் முழுக்கக் கேட்கிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது.

இனி இடம். சோஹோவில் 90, வார்டர் ஸ்ட்ரீட். மார்க்கீ 1958இல் ஆக்ஸ்ஃபோர்டு ஸ்ட்ரீட்டில் ஜாஸ் கிளப்பாகத் தொடங்கி, 1964 மார்ச்சில் இந்த முகவரிக்கு மாறியது. மாறிய சூட்டோடு யார்ட்பேர்ட்ஸ் குழு அங்கே வாசித்ததைப் பதிவு செய்துதான் அவர்களுடைய முதல் ஆல்பமே வந்தது. கிடார், இளைஞர் எரிக் கிளாப்டன். தி ஹூ குழுவினர் அங்கே வாரா வாரம் வாசித்துத்தான் ஆள் ஆனார்கள். கிடார் மேதை ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் ஏறிய மேடை அது. இவர்களில் யாரும் அங்கே போய் இடம் சின்னது என்று குறைப்பட்டதாகத் தெரியவில்லை. குறைப்படுவது நாற்பது வருஷம் கழித்து ஹெட்ஃபோனில் கேட்கிற நாம்தான்.

சத்தம் அமுங்கிக் கேட்கிறது என்கிறீர்கள். உண்மை. தாழ்ந்த கூரை, நெருக்கியடித்து நிற்கும் ஜனம். மனித உடம்பும் சட்டை துணிமணியும் கீச்சு ஒலிகளை நன்றாகக் குடித்துவிடும். எதிரொலி பிறந்த வேகத்தில் செத்துவிடும். பெரிய அரங்கில் நடப்பது நேர்மாறு: ஒரு சுரம் அடித்தால் அது இரண்டு மூன்று விநாடி சுற்றிக்கொண்டே இருக்கும். நீங்கள் பிரம்மாண்டம் என்று மெச்சுவதில் பாதி இந்தச் சுற்றல்தான். அது சுமாரான கைக்குப் பெரிய உபகாரம், ஏனென்றால் வேகமாக வாசிக்கும்போது விழுங்கிய சுரங்களை எல்லாம் அது மூடி மறைத்துவிடும். மூர் எப்படி வாசிப்பார் தெரியுமா? வலது உள்ளங்கையின் ஓரத்தைப் பிரிட்ஜ் (கம்பிகளைத் தாங்கும் கட்டை) பக்கம் கம்பிமேல் லேசாக அழுத்தி, ஒவ்வொரு சுரத்தையும் பிக் என்ற சின்னத் தகட்டால் தனித்தனியாக வெட்டி எடுப்பார். அந்த 'டக்டக்டக்' எதிரொலியில் கரைந்தால் அவருக்கும் அடுத்தவருக்கும் வித்தியாசமே தெரியாது. மார்க்கீயில் கரைய இடமில்லை. 'நியூக்ளியர் அட்டாக்' பாட்டில் அவர் வேகமெடுக்கும் இடத்தைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். 1990இல் வந்த 'ஸ்டில் காட் தி புளூஸ்' மூரை மட்டும் தெரிந்தவர்களுக்குக் கொஞ்சம் அதிர்ச்சியாகவே இருக்கும்.

பாடகர் குரல் திணறுகிறது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். டிரிஸ்கால் மோசமான பாடகர் இல்லை, ஆனால் இந்தக் கிடாருக்கு முன்னால் நின்று ஜெயிக்க வேறு தொண்டை வேண்டும். ஆனால் அந்தத் திணறல் ஏன் சரிசெய்யப்படாமல் அப்படியே இருக்கிறது என்று யோசித்தீர்களா? லைவ் ஆல்பம் என்ற பெயரில் ஸ்டூடியோவில் நடக்கும் ரிப்பேர் வேலை ஊரறிந்த விஷயம். தின் லிஸ்ஸியின் 'லைவ் அண்ட் டேஞ்சரஸ்' 1978இல் வந்தது, மூர் அதில் இல்லை. அதில் பெரும்பகுதி ஸ்டூடியோவில் மறுபடி வாசித்தது என்று தயாரிப்பாளர் டோனி விஸ்கான்டியே சொன்னார். குழுவினர் இல்லவே இல்லை என்றார்கள். அந்தச் சண்டை இன்றுவரை ஓயவில்லை. ஜூடாஸ் பிரீஸ்ட் குழு டோக்கியோவில் பதிவு செய்த 1979 ஆல்பத்தில் தன் குரலை மறுபடி பாடிச் சேர்த்ததைப் பாடகர் ராப் ஹால்ஃபோர்ட் பிற்பாடு ஒப்புக்கொண்டார். பெரிய மேடையில் இது ஓரளவு செய்யக்கூடிய வேலை. ஆளுக்கு ஆள் தூரம் இருப்பதால் ஒருவர் மைக்கில் அடுத்தவர் சத்தம் குறைவாகவே விழும். கிளப் மேடையில் பாடகருக்கு இரண்டடி பின்னால் ட்ரம்ஸ், பக்கத்திலேயே கிடார் சத்தத்தைப் பெருக்கும் மார்ஷல் ஆம்ப். பாடகர் மைக்கில் அவர் குரலைவிட ஆல்ட்ரிட்ஜின் சிம்பல்தான் அதிகம் விழுந்திருக்கும். அந்தக் குரலை எடுத்துவிட்டு வேறு குரல் வைத்தால் ட்ரம்ஸின் ஒலியும் சேர்ந்து மாறும். ஸ்வெட்டரில் ஒரு நூலைப் பிடித்து இழுத்த மாதிரிதான். ஆக, நீங்கள் குறையாகச் சொல்வது, இந்த ஆல்பம் அந்த ராத்திரியில் நடந்ததுதான் என்பதற்கு அத்தாட்சி.

அப்புறம் 'பாரிசியன் வாக்வேஸ்'. தின் லிஸ்ஸி பாடகர் பில் லைனாட் பாடி, 1979இல் பிரிட்டிஷ் இசைத்தட்டு விற்பனைப் பட்டியலில் 8ஆம் இடம் பிடித்த மெதுவான பாட்டு. மேடையில் இதில் ஒற்றைச் சுரத்தை நெடுநேரம் நிறுத்திப் பிடிப்பது பிற்பாடு மூரின் முத்திரையாகவே ஆகிவிட்டது. இதில் மாயம் எதுவும் கிடையாது. ஆம்ப்பிலிருந்து வரும் சத்தம் காற்று வழியாக வந்து அதே கம்பியை மறுபடி அதிரவைக்கிறது. அந்த அதிர்வைக் கிடாரில் கம்பிக்கு அடியில் இருக்கும் பிக்கப் என்ற கருவி வாங்கி ஆம்ப்புக்குக் கொடுக்கிறது. இப்படிச் சுற்றிச் சுற்றி வருவதால் சுரம் சாகாமல் நிற்கிறது. ஆனால் ஆம்ப்புக்கும் கிடாருக்கும் நடுவே உள்ள தூரம், உடம்பு திரும்பியிருக்கும் கோணம் இரண்டும் ஒத்துவர வேண்டும். அரை அடி நகர்ந்தால் சுரம் மேல் ஸ்தாயிக்குத் தாவிவிடும், இல்லாவிட்டால் ஊளையிடும். அதனால் வாசிப்பவர் முதலில் தனக்குத் தோதான இடத்தைத் தேடிப் பிடித்து, கால் ஊன்றி நிற்க வேண்டும். நகர இடமே இல்லாத கிளப் மேடையில் இந்தத் தேடல் எவ்வளவு சிரமம் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆல்பத்தில் எல்லாமே தங்கம் என்று சொல்ல மாட்டேன். 'டாலஸ் வார்ஹெட்'டில் வரும் ட்ரம் சோலோ எனக்கு நீளம். ஆல்ட்ரிட்ஜ் குச்சிகளை வீசிவிட்டு வெறுங்கையால் ட்ரம்ஸை அடிப்பதில் பேர்போனவர், நேரில் நிற்பவனுக்கு அது திருவிழா. காதால் மட்டும் கேட்பவனுக்கு எதுவும் தெரியப்போவதில்லை. இந்த ஒரு விஷயத்தில் உங்கள் கட்சிக்கு வருகிறேன்: தாராளமாகத் தள்ளிவிட்டுப் போங்கள்.

பிரம்மாண்டம்தான் வேண்டும் என்றால் அதற்கும் மூரிடம் சரக்கு இருக்கிறது. 1984இல் டெட்ராய்ட், கிளாஸ்கோ, லண்டன், டோக்கியோ புடோகான் என்று பல ஊர்க் கச்சேரிகளிலிருந்து எடுத்துக் கோத்த 'வி வாண்ட் மூர்!' கேளுங்கள். ட்ரம்ஸில் டீப் பர்ப்பிள் இயான் பெய்ஸும் இருக்கிறார். ஆயிரக்கணக்கில் கைதட்டல், கேட்ட அளவுக்கு எதிரொலி. 'பேக் ஆன் தி ஸ்ட்ரீட்ஸ்' பாட்டு இரண்டு ஆல்பத்திலும் உண்டு. முதலில் 1984 பதிவு, உடனே 1980 பதிவு, இந்த வரிசையில் போடுங்கள். வால்யூமை மாற்ற வேண்டாம்.